கொள்ளைநோய்க் காலத்தில் சபை என்ன செய்யலாம்? – காவிரி டெல்டா சபைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன லுத்தரன் சபைக்கு நான் செயலாளர். கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருஷமும் கோயில் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அந்த நாட்களில் பக்கத்து ஊர் சபைகளும் கத்தோலிக்கப் பங்குகளும் (அவர்களின் ஊர்ச் சபைகள்) கேட்ட கேள்விகள், அப்புறம் இன்றைக்கும் கேட்கிற கேள்விகள், எல்லாவற்றுக்கும் என் பதில் இது. இன்னொரு தொற்று வந்தால் யாரும் எங்களைப் போல முதல் பத்து நாளை வீணாக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கோயிலைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். முதல் வேலை என்ன?

ஒரு நோட்டு வாங்குங்கள்.

நாங்கள் அதைச் செய்யவில்லை. 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி இரவு அறிவிப்பு வந்தது, 25 முதல் 21 நாள் நாடு முழுக்கப் பூட்டு. லெந்து நாட்கள் வேறு. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, பெரிய வெள்ளி 10, ஈஸ்டர் 12, மூன்றும் அந்த 21 நாளுக்குள்ளேயே வந்துவிட்டன. எங்களுக்கு இருந்த ஒரே கவலை ஆராதனையை எப்படிப் போனில் காட்டுவது என்பதுதான். வாலிபர்கள் இரண்டு நாள் ஓடியாடி ஏற்பாடு செய்தார்கள், ஆயரும் (எங்கள் பாதிரியார்) ஆளில்லாத கோயிலில் நின்று பிரசங்கம் செய்தார், நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை என்னிடம் வந்து, "கடைசித் தெரு சின்னம்மாகிட்ட போனே இல்லீங்களே, அது இன்னைக்கு என்ன பண்ணியிருக்கும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலைதான் ஒரு நீள நோட்டை எடுத்து, தெருத் தெருவாக எல்லா வீட்டையும் எழுத உட்கார்ந்தோம்.

நோட்டில் நாங்கள் போட்ட கட்டங்கள்: வீட்டில் எத்தனை பேர், யார் கையில் எந்தப் போன் (பட்டன் போனா, டச் போனா), தினக்கூலியா மாதச் சம்பளமா, தனியாக இருக்கிறவரா, தினமும் என்ன மாத்திரை, அது எத்தனை நாளைக்கு இருக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. மாத்திரைக் கட்டத்தை நாங்கள் இரண்டாவது வாரம்தான் சேர்த்தோம். நீங்கள் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். பிறகு எட்டு வீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரித்தோம். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு) இருப்பதால் இந்த வேலையில் பாதி முன்பே முடிந்திருக்கும். அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தெருக் கணக்கு.

உதவி என்பது ஒரு வேலை, தொடர்பு என்பது இன்னொரு வேலை என்று இரண்டு கமிட்டி போடாதீர்கள். யார் பசியோடு இருக்கிறார்கள் என்பது தினமும் போன் பேசுகிறவருக்குத்தான் தெரியும்.

போனில் என்ன பேசுவது? "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறார்களே?

வைக்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் உயிர் போகிற நேரத்திலும் "ஏதோ இருக்கேன்ப்பா, கர்த்தர் நடத்துறாரு" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றினோம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" "சுகர் மாத்திரை அட்டையில இன்னும் எத்தனை இருக்கு, எடுத்து எண்ணிச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்." "கேஸ் எப்ப போட்டீங்க?"

எங்கள் சபை அத்தை ஒருவர், ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், தன் எட்டு வீட்டுக்கும் மாலை ஐந்து மணிக்குத்தான் கூப்பிடுவார். காலையில் கேட்டால் மானத்துக்குப் பொய் சொல்வார்கள், மாலையில் ராத்திரிச் சமையலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தானாக வந்துவிடும் என்பார். அவர் சொன்னது சரியாக இருந்தது. "இன்னைக்கு என்ன குழம்பு அத்தாச்சி?" என்று அவர் கேட்டதற்கு ஒரு வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து "ரசம்" என்று பதில் வந்தது. நான்காம் நாள் பருப்பும் எண்ணெயும் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தன.

பேசி முடித்ததும் நோட்டில் ஒரு டிக். எடுக்கவில்லை என்றால் சுழி. இரண்டு சுழி விழுந்தால் யாராவது நேரில் போய் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

நேரலை ஆராதனை வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை, செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சொந்த ஊர்க் கோயிலைப் பார்த்து அழுதார்கள், அதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு மாதா தொலைக்காட்சி இருந்தது, வேளாங்கண்ணிப் பூசை நேரலையில் வந்தது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

பட்டன் போன் வைத்திருக்கிறவர்களுக்குக் கான்பரன்ஸ் கால் போதும். நாலைந்து பேரை ஒரே காலில் இணைத்து, ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். மாலை ஏழு மணிக் காலுக்காக எங்கள் பாட்டிகள் ஆறரைக்கே போனைச் சார்ஜிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போனே இல்லாத வீட்டுக்கு, ஆராதனை முறைமையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மளிகைப் பையோடு வைத்தோம். ஞாயிறு காலை எட்டரைக்கு மணி அடிப்பதை மட்டும் நிறுத்தவே இல்லை. மணி கேட்டதும் அவரவர் வீட்டில் அந்தத் தாளை எடுத்துத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று வேதாகமத்தில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறதே? பூட்டுவது விசுவாசக் குறைவு இல்லையா?

இந்தக் கேள்வியை உண்மையான வேதனையோடு கேட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். அந்தப் பகுதி, ஒருவரை ஒருவர் கவனித்து அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவிவிடுவதைப் பற்றியும் சேர்த்துத்தான் பேசுகிறது. அப்போஸ்தலன் பவுல் சிறையில் இருந்தபோது கூடிவர முடியவில்லை, கடிதம் எழுதினார்.

லுத்தரன்கள் நமக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டுப் போகும்படி, எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தருக்கு ஆணை வந்தது. அவர் போகவில்லை, அவர் வீடே நோயாளிகள் தங்கும் இடமானது. அந்த நேரத்தில் ஓர் ஆயர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினார். மருந்து சாப்பிடு, வீட்டைப் புகையிட்டுச் சுத்தம் செய், தேவையில்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கி அடுத்தவனுக்குக் கொடுக்காதே, ஆனால் அயலானுக்கு நான் தேவை என்றால் தயங்காமல் போவேன் என்பது அதன் சாரம். தேவையில்லாமல் கூடாதே என்பதையும் தேவைப்பட்டால் போ என்பதையும் ஒரே ஆள், ஒரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் சபை இதைத்தான் பிடித்துக்கொண்டது.

திருவிருந்து?

ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, உங்கள் ஆயரைக் கேளுங்கள். நாங்கள் அப்பமும் திராட்சரசமும் பகிராமல் காத்திருந்தோம். கத்தோலிக்கர்கள் பூசையைத் திரையில் பார்த்து, நற்கருணையை ஆன்ம அளவில் வாங்கும் செபத்தைச் சொன்னார்கள். காத்திருந்ததில் ஏக்கம் கூடியது. அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாடக்கூட வேண்டாம் என்றார்களே, ஏன்?

வாய் திறந்து பாடும்போது காற்றில் கலக்கிற நுண்துளிகள் சாதாரணப் பேச்சைவிட அதிகம். 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 50-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். எங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை, ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடினார். திறந்த வெளியில், இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு ஒரு பாட்டுப் பாடலாம். ஜன்னல் சாத்தின கோயிலில் பத்துப் பாட்டு வேண்டாம்.

காணிக்கையே வரவில்லை. வசதியில்லாத சபை எப்படி அடுத்தவருக்கு உதவும்?

பிடி அரிசி. நம் அம்மாக்கள் காலத்துப் பழக்கம்: உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி நாற்பது கிராம் என்று வையுங்கள், இரண்டு வேளைக்கு எண்பது, மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். அறுபது வீடு போட்டால் 144 கிலோ. பணமாகக் கேட்டால் தலைகுனிகிற வீடும் ஒரு பிடியைப் போடும், அதுவும் மனதாரப் போடும்.

ஆனால் ஒரு விஷயம். ரேஷன் அட்டை உள்ள வீட்டில் அரிசிக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, அரசு இலவசமாகக் கொடுத்தது. அவர்களுக்கு இல்லாதது எண்ணெய், பருப்பு, புளி, சோப்பு, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், சிலிண்டருக்குக் காசு, போனுக்கு ரீசார்ஜ். உளுந்து, பயறு எடுக்கிற நாளில்தான் பூட்டு விழுந்தது. எங்கள் தெருக்களில் பலருக்கு வேலை இல்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, குறுவை நடவு வந்த பிறகுதான் கையில் கூலி புரண்டது. அதனால் பிடி அரிசியை அட்டை இல்லாதவர்களுக்கு அனுப்பினோம். செங்கல் சூளையில் வேலை செய்த வடநாட்டுக் குடும்பங்கள் இருந்தன. முதல் தடவை அரிசி கொண்டுபோனோம், வாங்கிக்கொண்டார்கள். தயங்கித் தயங்கி ஒரு பெண் "ஆட்டா, ஆலு" என்றாள். அடுத்த தடவை கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் போயின. கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

சிங்கப்பூரில், துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவில் பிறந்தவரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான்; வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடக் கூடாது. 2020-ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள், ஒருவர் வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதும் கூடாது. அவசரத்தில் யாருடைய தனிக் கணக்கிலாவது வாங்கிக் கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம், பின்னால் அந்தக் குடும்பம்தான் கஷ்டப்படும். வரவு செலவைக் கோயில் வாசல் பலகையில் வாரா வாரம் ஒட்டுங்கள்.

நம் சபையாருக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

எல்லோருக்கும். பையில் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். பசித்தவனிடம் பிரதியையும் சேர்த்து நீட்டினால், அவன் வாங்குவது நம் செய்தியை நம்பியா, அரிசிக்காகவா என்று அவனுக்கே தெரியாமல் போகும். அது அவனுக்கும் அநியாயம், சுவிசேஷத்துக்கும் அநியாயம். ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பக்கத்து ஜமாஅத்தோடும் இந்துக் கோயில் கமிட்டியோடும் தெருவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று பை போகும், அடுத்த வீட்டுக்கு ஒன்றும் போகாது.

படம் எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். பை வாங்குகிறவர்களின் முகம் தெரிகிற படங்களைச் சபைக் குழுவில் போட்டோம், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதில் ஒரு தங்கச்சி, கணவரை இழந்தவள், மறுவாரத்திலிருந்து வரவே இல்லை. அவள் மகன் படிக்கிற வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் படம் போய்விட்டது. நானும் ஆயரம்மாவும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்லண்ணே" என்றாள், ஆனால் அவள் கோயிலுக்கு வர ஒரு வருஷம் ஆனது. அதன்பிறகு பைகளை இருட்டின பிறகு திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவோம்.

நம் பகுதியில் இதற்கு முன் சபைகள் இப்படிச் செய்திருக்கின்றனவா?

நிறைய. தஞ்சாவூரில் இருந்த லுத்தரன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர், ஹைதர் அலி படையெடுத்த 1780-களின் பஞ்சத்தில், முன்கூட்டியே நெல் அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்ததால்தான் பசித்தவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. எங்கள் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். அதைப் பார்த்து உருகி கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தன் கதையைப் பாடிய அதே சிவபக்தர், அவர்மேல் பாட்டே பாடினார். காலராக் காலங்களில், கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று கத்தோலிக்கர்கள் நம்பும் புனிதர் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்ட கிராமங்கள் நிறைய. 2004 சுனாமியிலும் 2018 கஜா புயலிலும் கோயில் கூடங்கள் எத்தனை பேரை ஏற்றுக்கொண்டன என்பதை நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போய்க் கேளுங்கள். ஆனால் புயலுக்கு எல்லோரையும் ஒரே கூடத்தில் சேர்க்கலாம், தொற்றுக்குச் சேர்க்க முடியாது. கஜாவில் கற்ற சமையல் வேலை 2020-ல் உதவியது. ஆட்களைக் கூட்டுகிற பழக்கத்தைத்தான் விட வேண்டியிருந்தது.

நோய் வந்த வீட்டுக்கு என்ன செய்வது?

இரண்டாம் அலையில், 2021 மே மாதம், நாங்கள் சேர்ந்து வாங்கின மூன்று ஆக்சிமீட்டர்கள் வீடு வீடாகச் சுற்றின. விரலில் மாட்டிப் பார்த்து ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் ஜெபம் பண்ணிக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள், முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் என்றால் 104, மருத்துவ ஆலோசனை எண். சாப்பாட்டைத் தூக்குப் போணியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கோழியை அடைப்பது, இதெல்லாம் யார் செய்வார் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பெரியவர், மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றதும் கிளம்பிவிட்டார்.

அந்த வீட்டாரைப் பற்றித் தெருவில் பேசாதீர்கள். ஊரே கேட்டாலும் சொல்லாதீர்கள்.

தடுப்பூசி பற்றி மேடையிலிருந்து பேசலாமா?

பேசுங்கள், ஆயரே முதலில் போட்டுக்கொண்டு பேசட்டும். கூடத்தை முகாமுக்குக் கொடுங்கள்.

இறந்துபோனவரை எப்படி அடக்கம் செய்வது?

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். அன்றைக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. உடலைக் குளிப்பாட்டக் கூடாது, முத்தமிடக் கூடாது. ஆனால் மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதலிலேயே, பையைத் திறந்து முகம் பார்க்கவும், உடலைத் தொடாமல் வேதம் வாசிக்கவும் தீர்த்தம் தெளிக்கவும் இடம் இருந்தது. பலருக்கு இது தெரியாது, பயத்தில் ஒரு ஜெபம்கூட இல்லாமல் புதைத்துவிட்டுப் பிறகு வருஷக்கணக்கில் அழுதார்கள். ஆயர் பத்தடி தள்ளி நின்று சத்தமாக வாசித்தால் போதும்.

2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. அதற்குப் பிறகு, அப்படித் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நம் கல்லறைத் தோட்டத்தில் யாரும் அப்படித் தடுக்காதபடி, முன்பே சபையைக் கூட்டி அல்லது போன் போட்டுச் சொல்லிவையுங்கள். எங்கள் பகுதியில் குழி வெட்ட ஆள் வராதபோது ஜமாஅத் தம்பிகள் கவசம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அதே ஏப்ரலில்தான் நோயைப் பரப்பினார்கள் என்று அவர்கள் மேல் ஊர் பழி போட்டிருந்தது.

அடக்கம் முடிந்த வீட்டுக்கு நாற்பது நாள் வரை தினமும் ஒரு போன். இது எங்கள் நோட்டில் சிவப்பு மையில் இருக்கும்.

பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது?

முதியவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், பையோடு போகட்டும். படிப்புக்குக் கோயில் திண்ணையைக் கொடுங்கள். 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் ஞாயிறு பள்ளி அக்காக்கள் இரண்டு பேர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள்.

திறந்த பிறகும் பாதிப் பேர் வரவில்லையே?

கிராமத்துச் சின்னக் கோயில்களை 2020 ஜூலை 1-லும், மற்றவற்றைச் செப்டம்பர் 1-லும் திறந்தார்கள். அடுத்த ஏப்ரல் 26-ல் மறுபடி பூட்டி, ஜூலை 5-ல் திறந்தார்கள். அப்புறம் அக்டோபர் பாதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் பூட்டு. ஞாயிறே பூட்டு என்றால் என்ன செய்வது, புதன்கிழமை ஆராதனை வைத்தோம். இப்படி மாறி மாறி வந்தால் பழக்கம் விட்டுப்போகத்தான் செய்யும். வராதவர்களைப் பிரசங்கத்தில் குத்தாதீர்கள், வந்தவர்கள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நோட்டை எடுங்கள். கடன் வாங்கினவர் வெட்கப்பட்டு வராமல் இருப்பார், துக்க வீடு அந்தப் பெஞ்சைப் பார்க்க முடியாமல் வராமல் இருக்கும், சிலர் பயத்தில். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடிக்க வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது தொற்று இல்லை. இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

நோட்டைப் புதுப்பியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, அறுப்பின் பண்டிகைக்கு வீடு வீடாகப் போகும்போதே எழுதிவிடலாம். போன் எண் மாறியிருக்கும், மருமகள் புதிதாக வந்திருப்பாள், மகன் திருப்பூருக்குப் போயிருப்பான், தாத்தாவுக்கு இதய மாத்திரை சேர்ந்திருக்கும். கடைசித் தெரு சின்னம்மா இப்போது ஒரு பட்டன் போன் வைத்திருக்கிறது. அந்த எண்ணை நாங்கள் முதல் பக்கத்தில், முதல் வரியில் எழுதியிருக்கிறோம்.